சக்கரத்திலிருந்து பனித்தளத்துக்கு: எரின் ஜாக்சன் தடம் மாறிய வரலாறு

பெங்களூரு: பெங்களூரு, சென்னை போன்ற நகரங்களின் ஸ்கேட்டிங் திடல்களில், காலில் சக்கரக் காலணி அணிந்து பயிற்சி பெறும் சிறார்களை மாலை வேளைகளில் காணலாம். அவர்களில் ஒருவர் நாளை உலக சாம்பியன் ஆனாலும், அதே விளையாட்டில் ஒலிம்பிக் பதக்கம் வெல்ல இயலாது. சக்கரக் காலணியில் விரைந்தோடும் ரோலர் ஸ்பீடு ஸ்கேட்டிங், ஒலிம்பிக் போட்டிகளில் இடம்பெறவில்லை என்பதே காரணம்.

2018ஆம் ஆண்டு பியூனஸ் அயர்ஸில் நடைபெற்ற இளையோர் ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு சேர்க்கப்பட்டது. ஆயினும் முதன்மை ஒலிம்பிக்கின் கதவு இன்னும் திறக்கவில்லை. எனவே, ஒலிம்பிக் கனவுடைய ரோலர் வீரர்கள் பலர் சக்கரத்தைக் கழற்றிவிட்டுப் பனித்தளத்துக்குச் சென்றனர். அவ்வாறு சென்று தங்கப் பதக்கம் வென்றவர்களில் ஒருவர் அமெரிக்காவின் எரின் ஜாக்சன்.

யார் இவர்?

1992ஆம் ஆண்டு புளோரிடா மாகாணத்தின் ஓகாலா நகரில் பிறந்தவர் ஜாக்சன். வெப்பம் மிகுந்த அப்பகுதியில் இயற்கையான பனிக்கட்டிக்கு வாய்ப்பில்லை. சிறுவயதில் ரோலர் ஸ்கேட்டிங்கில் சேர்ந்த அவர், அதில் சர்வதேச அளவில் உயர்ந்தார். விளையாட்டுடன் படிப்பையும் தொடர்ந்து, புளோரிடா பல்கலைக்கழகத்தில் பொருளறிவியல் பொறியியல் பட்டம் பெற்றார்.

அதே ஊரைச் சேர்ந்த பிரிட்டனி போவ், ஜோயி மான்டியா ஆகியோரும் ரோலர் ஸ்கேட்டிங்கில் தொடங்கிப் பனித்தளத்துக்கு மாறியவர்களே. மூவருக்கும் இளமையில் பயிற்சி அளித்தவர் ரெனி ஹில்டிபிராண்ட்.

என்ன வேறுபாடு?

தாழ்ந்து குனிந்த உடல்நிலை, பக்கவாட்டில் கால்களை உந்தும் முறை, வளைவில் காலைக் குறுக்கே மாற்றி வைக்கும் நுட்பம் ஆகியவை இரண்டு விளையாட்டுகளுக்கும் பொதுவானவை. தொடையின் வலிமையும் அவ்வாறே. ஆனால், காலணியின் அடிப்பகுதி மாறியவுடன் பல பழக்கங்களை மாற்றிக்கொள்ள வேண்டியுள்ளது.

சக்கரம் தரையைப் பற்றிக்கொள்ளும். பனித்தளக் காலணியிலோ ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் தடிமனே உள்ள நீண்ட எஃகுத் தகடு உள்ளது. அதன் விளிம்பு பனிக்கட்டியில் சரியான கோணத்தில் பதிந்தால் மட்டுமே உந்துதல் கிடைக்கும். நெடுந்தடப் போட்டிக்குரிய காலணியில், தகடு முன்பகுதியில் மட்டும் கீல் மூலம் இணைக்கப்பட்டிருக்கும். குதிகால் உயர்ந்த பின்னரும் தகடு பனிக்கட்டியிலேயே தங்குவதால் உந்துதல் கூடுதல் நேரம் நீடிக்கும்.

போட்டி முறையும் வேறு. ரோலர் பந்தயங்கள் பலவற்றில் வீரர்கள் கூட்டமாக ஓடுவர். எதிராளியின் பின்னால் ஒதுங்கிக் காற்றின் தடையைக் குறைத்துக்கொள்ளலாம். 400 மீட்டர் பனித்தளத்தில் நடைபெறும் 500 மீட்டர் பந்தயத்தில் இருவர் மட்டுமே தனித்தனித் தடங்களில் ஓடுவர். ஒவ்வொருவரும் கடிகாரத்துடன்தான் போட்டியிட வேண்டும்.

நான்கு மாதப் பயிற்சி

2017ஆம் ஆண்டில் ஜாக்சன் பனித்தளத்தில் முழுமையான பயிற்சியைத் தொடங்கினார். ஏறத்தாழ நான்கு மாதப் பயிற்சியிலேயே 2018 பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றார். அமெரிக்காவின் நெடுந்தட ஒலிம்பிக் அணியில் இடம்பெற்ற முதல் கறுப்பினப் பெண் என்ற சிறப்பும் அவருக்குக் கிடைத்தது. 500 மீட்டர் பந்தயத்தில் அவர் பெற்றது 24ஆவது இடம். விரைவாகத் தகுதி பெற இயன்றாலும், உலகின் முன்னணி வீராங்கனைகளுக்கு இணையாவதற்கு மேலும் ஆண்டுகள் தேவைப்பட்டன.

2021-22 பருவத்தில் நிலை மாறியது. உலகக் கோப்பையின் 500 மீட்டர் பந்தயங்கள் எட்டில் நான்கை வென்று, தரவரிசையில் முதலிடத்துடன் அவர் ஒலிம்பிக் ஆண்டில் நுழைந்தார்.

தோழி விட்டுக்கொடுத்த இடம்

2022 ஜனவரியில் மில்வாக்கியில் நடந்த அமெரிக்கத் தகுதிச் சுற்றில் ஜாக்சன் தடுமாறி மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டார். 500 மீட்டரில் அமெரிக்காவுக்கு அப்போது இருந்தவை இரண்டே இடங்கள். உலகின் முதல்நிலை வீராங்கனை ஒரே தடுமாற்றத்தால் வாய்ப்பை இழக்கும் நிலை உருவானது.

அந்தச் சுற்றில் முதலிடம் பெற்றிருந்த பிரிட்டனி போவ், தமது இடத்தை ஜாக்சனுக்கு விட்டுக்கொடுத்தார். பின்னர் அமெரிக்காவுக்குக் கூடுதல் இடம் கிடைத்ததால் போவும் 500 மீட்டரில் பங்கேற்றார். 1000 மீட்டரில் வெண்கலம் வென்றார்.

2022 பிப்ரவரி 13 அன்று பெய்ஜிங்கில் ஜாக்சன் 37.04 வினாடிகளில் பந்தயத்தை முடித்துத் தங்கம் வென்றார். இரண்டாமிடம் பெற்ற ஜப்பானின் மிஹோ தகாகியை விட 0.08 வினாடி மட்டுமே அவர் முந்தியிருந்தார். குளிர்கால ஒலிம்பிக்கில் தனிநபர் தங்கம் வென்ற முதல் கறுப்பினப் பெண் அவரே.

இதே பாதையில் முன்னரும் பலர் சென்றுள்ளனர். அமெரிக்காவின் டெரக் பாரா 2002இலும், சாட் ஹெட்ரிக் 2006இலும் தங்கம் வென்றனர். பெல்ஜியத்தின் பார்ட் ஸ்விங்ஸ், 2022இல் கூட்டமாக ஓடும் மாஸ் ஸ்டார்ட் பந்தயத்தில் தங்கம் வென்றார்.

இந்தியாவின் நிலை

சென்னையைச் சேர்ந்த ஆனந்த்குமார் வேல்குமார், 2025 செப்டம்பரில் சீனாவின் பெய்டைஹேயில் நடந்த ரோலர் உலக சாம்பியன்ஷிப்பில் 1000 மீட்டர் மற்றும் 42 கிலோமீட்டர் மாரத்தான் ஆகிய இரண்டிலும் தங்கம் வென்றார். ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியின் 3000 மீட்டர் தொடர் பந்தயத்தில் வெண்கலம் வென்ற அணிகளிலும் தமிழக வீரர், வீராங்கனைகள் இடம்பெற்றனர். திறமை இங்கு இருப்பதற்கு இவை சான்று.

ஆனால், ஓகாலாவின் பிள்ளைகளுக்குத் தம் நாட்டிலேயே மில்வாக்கி, சால்ட் லேக் நகரங்களின் 400 மீட்டர் உள்ளரங்கத் தளங்கள் இருந்தன. டேராடூனில் உள்ள ஹிமாத்ரி பனித்தளம் குறுந்தடப் பந்தயங்களுக்கு உரிய அளவினது. 400 மீட்டர் உள்ளரங்கத் தளம் இந்தியாவில் இல்லை. குஜராத்தைச் சேர்ந்த விஸ்வராஜ் ஜடேஜா, ரோலரிலிருந்து நெடுந்தடத்துக்கு மாறியபோது நெதர்லாந்துக்குச் சென்றே பயிற்சி பெற வேண்டியிருந்தது.

பெங்களூருவிலோ சென்னையிலோ பயிலும் ஒரு சிறுமி ஜாக்சனைப் பின்பற்ற விரும்பினால், உடல்வலிமையும் நுட்பமும் இங்கேயே கைவரும். விளிம்பு பதிக்கும் அந்தக் கடைசிப் பாடத்துக்கு அவர் வெளிநாடு செல்ல வேண்டும். அதற்கான செலவை ஏற்பவரும் வேண்டும்.