கேட்கும் உரிமை: அயர்லாந்தின் கவுண்டி மன்றத் தேர்தலும் அதில் நிற்க இயலாதவர்களும்

தேர்தலில் நிற்பவரைத் தமிழ் 'வேட்பாளர்' என்கிறது. 'வேள்' என்னும் வினையடியிலிருந்து பிறந்த சொல் அது; விரும்புபவர் என்பது அதன் உட்பொருள். ஐரிஷ் மொழியில் அவர் 'இயர்ஹோர்', அதாவது கேட்பவர். இரு மொழிகளுமே தேர்தலின் தொடக்கத்தை ஒருவரின் விருப்பத்தில் வைக்கின்றன. ஆயினும் யார் விரும்பலாம், யார் கேட்கலாம் என்பதைச் சொல் முடிவு செய்வதில்லை. சட்டமே முடிவு செய்கிறது. 1899 ஏப்ரலில் அயர்லாந்தில் நடைபெற்ற முதல் கவுண்டி மன்றத் தேர்தல் இதற்குத் தக்க சான்று.

அதற்கு முன்பு கவுண்டி நிர்வாகம் 'கிராண்ட் ஜூரி' என்னும் குழுவின் கையில் இருந்தது. அக்குழுவை எவரும் தேர்ந்தெடுக்கவில்லை. ஷெரிஃப் எனப்படும் அதிகாரி பெருநிலக்கிழார்களிலிருந்து அதன் உறுப்பினர்களை அழைப்பார். சாலை, பாலம், நீதிமன்றக் கட்டடம் ஆகியவற்றுக்கான செலவை அவர்களே முடிவு செய்தனர். அதற்கான வரியைப் பெரும்பாலும் செலுத்தியவர்களோ நிலத்தில் உழைத்த குத்தகை உழவர்கள். வரி கட்டியவருக்குக் கணக்குக் கேட்கும் வழி இருக்கவில்லை.

1898-ஆம் ஆண்டின் அயர்லாந்து உள்ளாட்சிச் சட்டம் இந்த அமைப்பை மாற்றியது. அதைக் கொண்டுவந்தவர் அயர்லாந்தின் தலைமைச் செயலராக இருந்த ஜெரால்டு பால்ஃபர். தன்னாட்சிக் கோரிக்கையைச் சலுகைகளால் தணித்துவிடலாம் என்பது அவருடைய அரசின் கணக்கு. அதிகாரம் இழக்கவிருந்த நிலக்கிழார்களின் எதிர்ப்பைத் தவிர்க்க, உள்ளாட்சி வரியில் அவர்கள் ஏற்றுவந்த பங்கைக் குறைக்கும் வகையில் அரசுக் கருவூலத்திலிருந்து மானியமும் வழங்கப்பட்டது.

தேர்தல் முடிவு அந்தக் கணக்கைப் பொய்யாக்கியது. 1898 தொடக்கத்தில் வெஸ்ட்போர்ட்டில் வில்லியம் ஓ'பிரையன் நிறுவிய ஐக்கிய ஐரிஷ் கழகம் இத்தேர்தலைத் தன் வளர்ச்சிக்குப் பயன்படுத்திக்கொண்டது. நிலக்கிழார்களில் தகுதியுடைய சிலருக்கேனும் இடம் தர வேண்டும் என்று ஜான் ரெட்மண்ட் வாதிட்டார். பெரும்பாலான பகுதிகளில் வாக்காளர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. லென்ஸ்டர், மன்ஸ்டர், கானாக்ட் ஆகிய மூன்று மாகாணங்களில் தேசியவாதிகள் பெருவெற்றி பெற்றனர். குத்தகை உழவரும் கடைக்காரரும் மன்ற உறுப்பினர்களாயினர். வடகிழக்கு அல்ஸ்டரில் மட்டுமே யூனியன் ஆதரவாளர்களின் பிடி நீடித்தது. அயர்லாந்து வரலாற்று நூல்கள் இதை நிலக்கிழார் ஆதிக்கத்தின் உள்ளூர் முடிவாக விவரிக்கின்றன. அது சரியான விவரிப்பே, ஆனால் முழுமையானதன்று.

அதே சட்டம் வேறொரு கோட்டையும் வரைந்தது. சமயகுருமார் எவரும் மன்றங்களில் உறுப்பினராகக் கூடாது என்றது. பெண்களைப் பொறுத்தவரை அது ஒரு விந்தையான பிரிவினையைச் செய்தது. வீடோ நிலமோ தம் பெயரில் வைத்திருந்த பெண்கள், குறிப்பாகக் கைம்பெண்களும் மணமாகாதோரும், கவுண்டி மன்றத் தேர்தலில் வாக்களிக்கலாம். ஊரக, நகர வட்ட மன்றங்களுக்குப் போட்டியிடவும் செய்யலாம். ஆனால் கவுண்டி மன்றத்துக்கோ மாநகர மன்றத்துக்கோ போட்டியிட முடியாது.

இந்தப் பிரிவினையின் பின்னணியை அறிய, சற்று முந்தைய ஒரு சட்டத்தைப் பார்க்க வேண்டும். 1896-இல் ஏழையர் நலச் சட்டக் காப்பாளர்களாகும் உரிமை ஐரிஷ் பெண்களுக்குக் கிடைத்தது. ஆதரவற்றோர் இல்லத்துக் குழந்தைகள், நோயாளிகள், முதியோர் ஆகியோரைக் கவனிப்பது வீட்டுப் பணியின் நீட்சி எனக் கொள்ளப்பட்டதால், அந்த உரிமைக்கு எதிர்ப்பு குறைவாக இருந்தது. கவுண்டி மன்றமோ முழு மாவட்டத்தின் வரியையும் செலவையும் ஆள்வது. கருணைக்குப் பெண்ணை அழைத்த சட்டம் கருவூலத்துக்கு அழைக்கத் தயங்கியது. ஆயினும் 1876-இல் டப்ளினில் பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தைத் தொடங்கிய ஆனா ஹாஸ்லம் போன்றோர் 1898-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பெரும் முன்னேற்றமாகவே வரவேற்றனர். கிடைத்த பதவிகளில் திறம்படப் பணியாற்றிக் காட்டுவதே அடுத்த கதவைத் திறக்கும் என்பது அவர்களின் நம்பிக்கை.

அந்தக் கதவு திறக்க மேலும் 13 ஆண்டுகள் ஆயின. 1911-ஆம் ஆண்டுச் சட்டம் கவுண்டி மன்றங்களிலும் மாநகர மன்றங்களிலும் பெண்கள் உறுப்பினராக வழிசெய்தது. 1912 ஜனவரியில் ஓவியர் சாரா ஹாரிசன் டப்ளின் மாநகர மன்றத்துக்கும், மருத்துவர் மேரி ஸ்ட்ராங்மன் வாட்டர்ஃபோர்டு மாநகர மன்றத்துக்கும் தேர்வாயினர். 1918-இல் நாடாளுமன்றத் தேர்தலைப் பொறுத்தவரை இந்த முரண் தலைகீழானது: 30 வயது நிரம்பாத பெண் வாக்களிக்க இயலாது, ஆனால் 21 வயதிலேயே வேட்பாளராகலாம். வாக்குரிமையும் வேட்புரிமையும் ஒன்றோடொன்று பிறந்த இரட்டையர் அல்லர் என்பதை இந்த இரு நிகழ்வுகளும் ஒருசேரக் காட்டுகின்றன.

இந்த வரலாற்றின் ஓர் இழை சென்னை வரை நீள்கிறது. ராஸ்காமன் கவுண்டியின் பாயில் நகரில் 1878-இல் பிறந்த மார்கரெட் கசின்ஸ், 1908-இல் ஐரிஷ் பெண்கள் வாக்குரிமைக் கழகத்தை உருவாக்கியவர்களுள் ஒருவர்; அப்போராட்டத்துக்காகச் சிறை சென்றவர். 1915-இல் இந்தியா வந்த அவர், 1917-இல் அடையாறில் இந்திய மாதர் சங்கம் தோன்றுவதில் முதன்மைப் பங்காற்றினார். 1921-இல் சென்னை மாகாணச் சட்டமன்றம் பெண்களுக்கு வாக்குரிமை அளித்தது. ஆனால் அம்மன்றத்தில் அமரும் உரிமைக்கு அவர்கள் 1926 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அயர்லாந்தில் அவர் கண்ட அதே இடைவெளி இங்கும் இருந்தது. அது நீங்கிய ஆண்டிலேயே கமலாதேவி சட்டோபாத்யாயாவைத் தேர்தலில் நிற்கும்படி ஊக்குவித்தவர் மார்கரெட் கசின்ஸ். கமலாதேவி மிகக் குறைந்த வாக்கு வேறுபாட்டில் தோற்றார். ஆனால் விரும்பிக் கேட்கும் உரிமை அதற்குள் நிலைபெற்றுவிட்டது.

சட்டத் தடை நீங்கினால் இடைவெளி தானே மறைந்துவிடும் என்று கொள்வதற்கில்லை. இன்று அயர்லாந்துக் குடியரசில் 31 உள்ளாட்சி மன்றங்களும் 949 உறுப்பினர்களும் உள்ளனர். உறுப்பினர்களில் பெண்கள் ஏறத்தாழக் கால் பங்கினரே. நாடாளுமன்றத் தேர்தலில் கட்சிகள் நிறுத்தும் வேட்பாளர்களுள் ஒவ்வொரு பாலினத்தவரும் குறைந்தது 40 விழுக்காடு இருக்க வேண்டும். தவறினால் கட்சிக்கான அரசு நிதி குறைக்கப்படும். உள்ளாட்சித் தேர்தலுக்கு அந்த விதி இல்லை.

தேர்தல் வரலாற்றை எழுதும்போது வென்றவர் யார், எத்தனை வாக்கு வேறுபாடு என்பவற்றையே பெரும்பாலும் முதலில் தேடுகிறோம். 1899-ஆம் ஆண்டுத் தேர்தலை அவ்வாறு மட்டும் படித்தால் நிலக்கிழாரின் வீழ்ச்சியும் உழவரின் எழுச்சியுமே கண்ணுக்குத் தெரியும். வேட்பாளர் பட்டியலையும் சட்டத்தின் தகுதிப் பிரிவையும் அருகருகே வைத்துப் படிக்கும்போதுதான், வாக்குச் சாவடிக்கு வந்து வாக்களித்தும் தன் பெயரை அந்தச் சீட்டில் காண முடியாமல் திரும்பிய பெண்ணும் அந்த வரலாற்றுக்குள் வருகிறாள்.