அனுபவம் கேட்கும் ஆரம்ப வேலைகள்: ஐ.டி. படித்த நம் பிள்ளைகள் என்ன செய்யலாம்?

பி.இ., பி.சி.ஏ., பி.எஸ்சி. கணினி அறிவியல் என்று படித்து முடித்து வேலை தேடும் நம் சமுதாய மாணவர்களுக்கு முதலில் வரும் சோதனை இதுதான். விளம்பரத்தின் தலைப்பில் ‘ஜூனியர் டெவலப்பர் தேவை’ என்று இருக்கும். கீழே ‘1 முதல் 3 ஆண்டு அனுபவம் அவசியம்’ என்று இருக்கும். வேலை கிடைத்தால்தானே அனுபவம் வரும்? இந்தக் குழப்பத்தில்தான் பல குடும்பங்கள் தவறான ஆட்களிடம் சிக்குகின்றன.

ஏன் அனுபவம் கேட்கிறார்கள்?

பெரிய நிறுவனங்கள் புதியவர்களைக் கல்லூரி வளாகத் தேர்வு மூலமும், டி.சி.எஸ். நடத்தும் என்.கியூ.டி. போன்ற தேர்வுகள் மூலமும் எடுத்துத் தாங்களே பயிற்சி தருகின்றன. அங்கே பார்ப்பது மதிப்பெண், அரியர், படித்து முடித்த ஆண்டு ஆகியவற்றைத்தான். சிறு நிறுவனங்களில் பயிற்சி தர ஆள் இருக்காது. வந்த உடனே வேலை செய்பவரைத் தேடுகிறார்கள். குவியும் விண்ணப்பங்களைக் குறைக்கவும் அனுபவம் என்ற நிபந்தனையைப் போடுகிறார்கள்.

எனவே விளம்பரத்தைப் புரிந்து படிக்க வேண்டும்.

* ‘0–1’, ‘0–2 ஆண்டுகள்’ என்றால் புதியவர்களும் விண்ணப்பிக்கலாம்.
* ‘1–3 ஆண்டுகள்’ என்றால், கேட்கும் தொழில்நுட்பம் தெரிந்து, செய்து காட்டவும் ஏதாவது இருந்தால், புதியவர் என்று குறிப்பிட்டே முயற்சி செய்யலாம்.
* அதற்கு மேல் கேட்டால் விட்டுவிடுவது நல்லது.

போலி அனுபவம் வேண்டாம்

‘பணம் கொடுத்தால் இரண்டு வருட அனுபவச் சான்றிதழ், சம்பளச் சீட்டு எல்லாம் தயார்’ என்று சொல்லும் ஏஜென்சிகள் இருக்கின்றன. நகையை அடகு வைத்தும் வட்டிக்கு வாங்கியும் இவர்களிடம் கொடுக்கிறார்கள்.

தானியக் குவியலுக்குள் கையை விட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியிடம் கேட்டதையும், ஏமாற்றுபவரைக் கடுமையாக எச்சரித்ததையும் நாம் அறிவோம். இல்லாத அனுபவத்தை ரெஸ்யூமில் காட்டுவதும் அந்த ஈரத்தை மறைப்பது போன்றதுதான்.

உலக ரீதியாகவும் இது நிலைக்காது. பல நிறுவனங்கள் ஆட்களை எடுக்கும்போது பின்னணி விசாரணை செய்கின்றன. பி.எஃப். கணக்குக்கான 12 இலக்க யு.ஏ.என். எண்ணில் யார் எங்கே எப்போது வேலை செய்தார் என்ற பதிவு இருக்கிறது. சேர்ந்த பிறகு பொய் தெரிந்தாலும் வேலை போகும், பெயரும் கெடும்.

நேர்மையாக அனுபவம் சேர்க்கும் வழிகள்

1. தொழிற்பழகுநர் பயிற்சி: மத்திய அரசின் நாட்ஸ் திட்டத்தில் பட்டம், டிப்ளமோ முடித்தவர்கள் உதவித்தொகையோடு ஒரு வருடம் வரை நிறுவனங்களில் பயிற்சி பெறலாம். முடிவில் அரசுச் சான்றிதழும் உண்டு. இதற்கான தென்மண்டல வாரியம் சென்னை தரமணியில் உள்ளது. பதிவு செய்வது இணையத்தில்தான்.

2. இன்டர்ன்ஷிப்: கடைசி வருடம் வரை காத்திருக்காமல் படிக்கும்போதே தேட வேண்டும். பணம் கேட்கும் ‘இன்டர்ன்ஷிப்’ என்றால் நன்றாக விசாரிக்க வேண்டும்.

3. உண்மையான பயனாளர்களுக்கு ஒரு மென்பொருள்: மஹல்லா ஜமாஅத்தின் சந்தா கணக்கு, நிக்காஹ் பதிவேடு, வாப்பாவின் கடை ஸ்டாக் என்று ஒன்றை எடுத்துச் செய்து கொடுங்கள். அதைப் பயன்படுத்துபவர்கள் சொல்லும் குறைகளைத் திருத்தும்போது கிடைப்பதும் அனுபவம்தான். அந்த நிரலை கிட்ஹப்பில் ஏற்றி, ரெஸ்யூமில் ‘சொந்தத் திட்டம்’ என்று எழுதுங்கள். சம்பள வேலை என்று எழுதாதீர்கள்.

4. பக்கத்துக் கதவு: டெஸ்டிங், டெக்னிக்கல் சப்போர்ட் போன்ற பணிகளில் சேர்ந்து, பிறகு டெவலப்பர் பணிக்கு மாறியவர்கள் பலர்.

5. இலவசக் கல்வி: ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் என்.பி.டி.இ.எல். பாடங்களும், தமிழக அரசு 2022ல் தொடங்கிய நான் முதல்வன் திட்டமும் இருக்கும்போது ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் முன் யோசிக்க வேண்டும்.

பெற்றோர்களுக்கு

வேலை தேடும் மாதங்களில் ‘அடுத்த வீட்டுப் பையனுக்குக் கிடைத்துவிட்டதே’ என்ற ஒரு பேச்சே பிள்ளைகளைப் போலிச் சான்றிதழ் பக்கம் தள்ளிவிடும். இதில் கவனம் தேவை. ஐ.டி. துறையில் இருக்கும் சகோதரர்கள், ஊருக்கு வரும்போது இரண்டு மாணவர்களின் ரெஸ்யூமைப் பார்த்துத் திருத்திக் கொடுத்தாலே பெரிய உதவி.

யூசுஃப் (அலை) அவர்கள் அரசரிடம் பொறுப்பைக் கேட்டபோது, தம்மிடம் உண்மையிலேயே இருந்த நம்பகத்தன்மையையும் அறிவையும்தான் எடுத்துச் சொன்னார்கள். நம் பிள்ளைகளின் ரெஸ்யூமிலும் அந்த இரண்டும் இருக்கட்டும். ஹலாலான வருமானத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் இலேசாக்கித் தருவானாக!