எதிர்நோக்கு

யாழ்ப்பாணம் மரியன்னை பேராலயத்தில் 'நம்பிக்கை' என்றால் இன்று பெரும்பாலும் விசுவாசம். வட்டுக்கோட்டையில், அமெரிக்க மிஷன் வழிவந்தவர்களிடம், அதே சொல் வரப்போவதைப் பற்றிய உறுதி. 1995இன் திருவிவிலியம் இந்த இரண்டாம் பொருளுக்குத் தந்த சொல்லே எதிர்நோக்கு, கிரேக்கத்தில் 'எல்பிஸ்'.

'நம்பிக்கை' என்ற பழைய சொல்லையும் நான் விடமாட்டேன். தொல்காப்பிய உரியியலில் 'நம்பு' என்பதன் பொருள் நசை, அதாவது விருப்பம். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைக்காகக் காத்திருக்கும் எங்கள் தாய்மாருக்கு அந்த நசையும் வேண்டும், எதிரே நோக்கும் கண்ணும் வேண்டும்.

எபிரேயர் நிருபம் (6:19) இந்த எதிர்நோக்கை நங்கூரம் என்கிறது. பாசையூர்க் கடற்றொழிலாளிக்கு விளக்கம் தேவையில்லை: நங்கூரம் பற்றியிருக்கும் நிலம் கண்ணுக்குத் தெரியாது, கயிற்றின் இறுக்கம் கைக்குத் தெரியும்.