பாலோடு வரும் உறவு

கற்பிட்டி முதல் உடப்பு வரையான கரையில், பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுறா தேடி அலைவார்கள். உள்ளியும் மிளகும் தூக்கலாகப் போட்ட சுறா வறை, முருங்கையிலை, பத்தியக் கறி எல்லாம் பால் ஊறத்தான். பால் போதுமா என்பதே வீட்டுப் பெரியவர்களின் கவலை. பாலோடு வேறென்ன வருகிறது என்ற கேள்வியை இஸ்லாமிய மார்க்கச் சட்டம் வேறு வழியில் தொட்டிருக்கிறது. ஷாபிஈ மத்ஹபின்படி, இரண்டு வயதுக்குள் ஐந்து தடவை ஒருத்தியிடம் பால் குடித்த பிள்ளை அவளுக்கும் பிள்ளையாகிவிடுகிறது. அவள் பெற்ற பிள்ளைகளை அது மணமுடிக்கலாகாது. வெறும் உணவுக்கு இத்தனை உரிமை உண்டா?

விஞ்ஞானம் இங்கே மெதுவாகத்தான் வந்து சேர்ந்தது. 1899இல் பரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் ஹென்றி திசியே, தாய்ப்பால் குடித்த பிள்ளையின் மலத்தில் கவட்டுக் கம்புபோலக் கிளைத்த ஒரு பக்டீரியாவைக் கண்டார். இன்று பிபிடோபக்டீரியம் என்கிறோம். ஆனாலும் பால் நுண்ணங்கியற்றது, அதில் ஏதேனும் கண்டால் அது அழுக்கு என்ற எண்ணமே நெடுநாள் நிலைத்தது. 2003இல் மட்ரிட்டில் ஹுவான் மிகுவேல் ரொட்ரிகஸ் குழுவினர், நலமான தாய்மாரின் பாலிலிருந்தே லக்டோபசிலஸ் கசெரி, பெர்மென்டம் முதலியவற்றைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். தாயின் குடலிலிருந்து நோயெதிர்ப்புக் கலங்கள் இவற்றை மார்புக்குச் சுமந்து வருகின்றன என்பது அவர்கள் முன்வைத்த கருதுகோள். விவாதம் இன்னும் ஓயவில்லை. தோலிலிருந்தும் சில வரக்கூடும்.

எனக்கு அதைவிட வியப்பானவை பாலிலுள்ள ஒலிகோசக்கரைட்டுகள் என்னும் சர்க்கரைகள். ஏறத்தாழ 200 வகை. லக்டோசுக்கும் கொழுப்புக்கும் அடுத்தபடியாகப் பாலில் மிகுந்திருக்கும் திண்மம் இதுதான். கடும்புப்பாலில் இன்னும் அதிகம். பிள்ளையால் இவற்றைச் செரிக்க முடியாது. உண்பவை பிபிடோபக்டீரியங்கள். உண்டு அமிலம் சுரந்து, கேடு செய்யும் கிருமிகளுக்குக் குடலில் இடமில்லாமல் செய்கின்றன. பிள்ளைக்கென்று சமைத்த சட்டியில் விருந்தாளிக்கும் ஒரு பங்கு!

இதைக் கேட்டதும் கடையில் விற்கும் நுண்ணங்கித் தூளைத் தேட வேண்டியதில்லை. ஒடிசாவில் 4,500க்கு மேற்பட்ட சிசுக்களிடம் நடந்த ஆய்வில், லக்டோபசிலஸ் பிளான்டாரம் பெற்றவர்களிடையே குருதித் தொற்றும் மரணமும் 40 வீதம் குறைந்ததாக 2017இல் அறிக்கை வந்தது உண்மை. ஆனால் அந்தச் சிசுக்களும் தாய்ப்பால் குடிக்கத் தொடங்கியவைதான். இலங்கையில் 2016ஆம் ஆண்டுக் கணிப்பின்படி, ஆறு மாதத்துக்குட்பட்டோரில் 82 வீதத்தினர் தாய்ப்பால் மட்டுமே பருகினர். கிராமம் கிராமமாக ஏறி இறங்கிய குடும்பநல மாதருக்கு இதில் பெரும் பங்குண்டு.

தாயின் பால் கிடைக்காத பிள்ளைகளுக்கான பால் வங்கிகளில் கொடையாளியின் பாலை 62.5 பாகை செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்குவார்கள். அந்தச் சூட்டில் நல்ல நுண்ணங்கிகளும் மாள்கின்றன, ஒலிகோசக்கரைட்டுகள் தப்புகின்றன. கொடுத்தவள் யாரென்று தெரியாவிட்டால் பால் உறவை எப்படி அறிவது என்பது முஸ்லிம் பெற்றோரின் தயக்கம்.

உறவும் ஒருவழிப்பட்டதன்று. பிள்ளை உறிஞ்சும்போது வாயிலிருந்து சிறிது பால் காம்புக்குழாய் வழியே பின்னோக்கிச் செல்கிறது. பிள்ளையின் வாயிலுள்ள நுண்ணங்கிகள் அவ்வழியே தாயின் மார்புக்கும் போகின்றன.