அம்மாவின் வரி

அச்சடித்த வாக்காளர் பட்டியலில் ஒரு பக்கத்துக்கு 30 கட்டங்கள். கட்டத்தின் தலையில் வரிசை எண், எதிர் ஓரத்தில் மூன்று ஆங்கில எழுத்தும் ஏழு இலக்கமும் கொண்ட அட்டை எண். கீழே பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வீட்டு எண், வயது, பாலினம். அவ்வளவுதான். பூத்துக்குள் என் அம்மா யார் என்று சொல்ல இந்தச் சில சொற்களே இருக்கின்றன. 36 ஆண்டுகளில் அவை ஊர் மாறியிருக்கின்றன, எழுத்துப் பிசகியிருக்கின்றன, ஒருமுறை அடியோடு காணாமல் போய்த் திரும்பியும் வந்திருக்கின்றன.

அந்த வரி பிறந்தது 1989-இல். ஜனவரியில் சட்டமன்றத் தேர்தல் நடந்தபோது அம்மாவுக்கு வயது 20. ஓட்டு வயதோ 21. தாத்தாவும் அம்மாச்சியும் ஓட்டுப் போடப் போக, அவள் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாளாம். மார்ச் 28-ஆம் தேதி அரசியலமைப்பின் 61-ஆவது திருத்தம் நடைமுறைக்கு வந்து, ஓட்டு வயது 18 ஆனது. நவம்பரில் மக்களவைத் தேர்தல் வந்தபோது பட்டியலில் அம்மாச்சி பெயருக்கு அடுத்து அவள் பெயரும் இருந்தது. அன்றைக்கு வைத்த மையைப் பற்றி இப்போதும் பேசுவாள்.

ஒரு பெண்ணின் சொந்தப் பெயர் பட்டியலில் ஏறுவதைச் சாதாரணமாக நினைத்துவிட முடியாது. 1951-52 முதல் பொதுத்தேர்தலுக்குப் பெயர் எழுதப் போனவர்களிடம், பீகார், ராஜஸ்தான் போன்ற வட மாநிலங்களில் லட்சக்கணக்கான பெண்கள் ‘இன்னாருடைய மனைவி’, ‘இன்னாருடைய மகள்’ என்று மட்டும் சொன்னார்கள். முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அதை ஏற்கவில்லை. அவரவர் பெயரைக் கேட்டு எழுதச் சொன்னார். கடைசிவரை சொல்லாமல் போன ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பதிவு நீக்கப்பட்டது. கடுமையான முடிவுதான். ஆனால் அது சரியான முடிவு என்றே நான் நினைக்கிறேன்.

கல்யாணமாகி அம்மா சிவகங்கைப் பக்கம் அப்பாவின் ஊருக்கு வந்தாள். வரியும் பின்னாலேயே வந்தது. ‘தந்தை’ இருந்த இடத்தில் ‘கணவர்’ ஏறியது. தலைமைத் தேர்தல் ஆணையர் சேஷன் காலத்தில், 1993-இல், அடையாள அட்டைக்கு உத்தரவு வந்தது; அடுத்த சில ஆண்டுகளில் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வரிசையாக உட்காரவைத்துப் படம் பிடித்தார்கள். அந்தக் கறுப்பு வெள்ளை அட்டை இன்னும் அம்மாவின் பீரோவில், ரேஷன் கார்டு உறைக்குள் இருக்கிறது.

2006-இல் பிழைப்புக்காகத் திருப்பூருக்குக் குடிபெயர்ந்தோம். பனியன் கம்பெனி வேலை, வாடகை வீடு, பத்து ஆண்டில் நான்கு வீடு. எல்லாம் திருப்பூருக்கு வந்தது, ஓட்டு மட்டும் ஊரிலேயே இருந்தது. “ஊர்ல வீடு இருக்குல்ல, ஓட்டும் அங்கயே இருக்கட்டும்” என்பார் அப்பா. தேர்தலுக்குத் தேர்தல் பஸ் பிடித்துப் போய்ப் போட்டுவிட்டு வருவார்கள். சட்டம் வேறு மாதிரி சொல்கிறது என்பது எங்களுக்குத் தெரியாது. 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின்படி, வழக்கமாகக் குடியிருக்கும் இடத்தில்தான் பெயர் இருக்க வேண்டும். ஓரிடத்தில் சொந்த வீடு இருப்பதாலேயே ஒருவர் அங்கே குடியிருப்பவராகிவிட மாட்டார். இரண்டு இடத்தில் பெயர் வைத்துக்கொள்ளவும் கூடாது.

2016 மே மாதம் சட்டமன்றத் தேர்தல். ராத்திரி முழுக்க நின்றுகொண்டே பஸ்ஸில் போய்க் காலையில் வரிசையில் நின்றோம்.

“பேரு இல்லையேம்மா.”

“கார்டு இருக்கு பாருங்க தம்பி.”

“கார்டு இருந்தா பத்தாதும்மா, லிஸ்ட்டுல பேரு இருக்கணும்.”

வெளியே பூத் ஏஜென்ட் ஒருவர் தன் பட்டியலைப் புரட்டிக் காட்டினார். கட்டம் அங்கேயே இருந்தது. அம்மாவின் பெயர் மேல் குறுக்காக ‘நீக்கப்பட்டது’ என்ற முத்திரை, வரிசை எண்ணுக்குப் பக்கத்தில் ‘எஸ்’ என்ற ஆங்கில எழுத்து. இடம் மாறியவர்களுக்கு எஸ், இறந்தவர்களுக்கு இ என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. நீக்குமுன் சம்பந்தப்பட்டவருக்குத் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது சட்டம். பூட்டிக்கிடந்த வீட்டுக்குத் தபால் வந்ததா, வந்து திரும்பியதா, எங்களுக்குத் தெரியவில்லை. அம்மா அழவில்லை. இடது ஆட்காட்டி விரலைப் பார்த்தபடியே பஸ்ஸில் திரும்பி வந்தாள்.

திருப்பூரில் பெயர் சேர்க்க ஆறாம் நம்பர் படிவம் வாங்கினோம். போட்டோ, வயதுச் சான்று, முகவரிச் சான்று. கரண்ட் பில் வீட்டுக்காரர் பெயரில்; வாடகை ஒப்பந்தத்தை யாரும் பதிவு செய்வதில்லை. வாடகை வீட்டுக்காரர்கள் எல்லாரும் முட்டி நிற்கும் இடம் இது. கடைசியில் பேங்க் பாஸ்புக்கில் முகவரியை மாற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தோம். படிவம் கொடுத்தவுடன் பெயர் ஏறிவிடாது. விண்ணப்பித்தவர் பெயரை ஒட்டுவார்கள், ஆட்சேபம் சொல்ல ஏழு நாள் அவகாசம் உண்டு, பிஎல்ஓ எனப்படும் வாக்குச்சாவடி நிலை அலுவலர் வீடு தேடி வந்து விசாரிப்பார். எங்கள் பகுதிக்கு வந்தவர் அங்கன்வாடி டீச்சர். மையத்து வேலை முடிந்து சாயங்காலம் வந்தார், மூன்றாவது மாடிக்கு ஏறி வந்த மூச்சு வாங்கலோடு. “அக்கா, வீடு மாறினா சொல்லிருங்க” என்று போன் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். வாக்காளர் பட்டியல் என்பது இந்தக் கால்களின் உழைப்பு. அதைப் போதுமான அளவு நாம் சொல்வதில்லை.

வரி திரும்பி வந்தது, ஆனால் காயத்தோடு. அம்மாவின் பெயரில் ஒரு ழகரம் உண்டு. ஆங்கிலத்தில் தட்டியதைத் தமிழுக்கு மாற்றும்போது அது லகரமாகிவிட்டது. “விடுப்பா, நம்மளத்தான்னு தெரியுதுல்ல” என்றாள். எனக்கு மனசு கேட்கவில்லை. திருத்தத்துக்கு எட்டாம் நம்பர் படிவம். 2022 ஆகஸ்டிலிருந்து, தொகுதி விட்டுத் தொகுதி வீடு மாறினாலும் இந்த எட்டாம் படிவமே போதும். முன்பு ஆறாம் படிவத்தில் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதே மாதத்திலிருந்து வயதுக் கணக்கும் ஜனவரி 1-ஐ மட்டும் நம்பி இல்லை. ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளும் சேர்ந்தன. 17 வயதிலேயே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம். ஒன்றை மறக்கக் கூடாது: வேட்புமனுத் தாக்கலுக்கான கடைசி நாள் தாண்டிவிட்டால் அந்தத் தேர்தலுக்குப் பெயர் சேர்க்க முடியாது. ஓட்டுப் போடும் நாளில் பூத் வாசலில் நின்று கேட்பதில் பயனே இல்லை.

அப்பா இறந்த பிறகு அவர் பெயரை நீக்க ஏழாம் நம்பர் படிவம். அதைக் கையில் எடுத்து நிரப்ப எங்களுக்கு ஒரு வருஷம் ஆனது. அம்மாவின் கட்டத்தில் ‘கணவர்’ என்ற இடத்தில் அவர் பெயர் இன்னும் இருக்கிறது.

2025 நவம்பர் 4 அன்று தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. டிசம்பர் 19 அன்று வந்த வரைவுப் பட்டியலில் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. இறந்தவர்கள், இரட்டைப் பதிவுகள் போக, பெரும்பகுதி இடம் மாறியவர்கள், விலாசத்தில் காணப்படாதவர்கள். அந்த எண்ணைப் படித்தபோது, 2016-இல் அம்மா விரலைப் பார்த்துக்கொண்டே வந்த பஸ்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

அம்மாவின் பெயர் இருந்தது. நவம்பரில் அதே அங்கன்வாடி டீச்சர் படிவத்தை இரண்டு பிரதியாகக் கொண்டுவந்து தந்திருந்தார். முந்தைய தீவிரத் திருத்தப் பட்டியலில் பெயர் எங்கே இருந்தது என்று அதில் கேட்டிருந்தார்கள். தமிழ்நாட்டில் அது சில தொகுதிகளுக்கு 2002, மற்றவற்றுக்கு 2005. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போனில் பழைய பட்டியலைத் திறந்து, எங்கள் ஊரின் பாகத்தைத் தேடிப் பிடித்தேன். அதில் கட்டங்கள் கிடையாது, படங்கள் கிடையாது. கோடு போட்ட அட்டவணை. ஒரே வீட்டு எண்ணுக்கு நேராக நான்கு வரிகள்: தாத்தா, அப்பத்தா, அப்பா, அம்மா. முதல் மூவரும் இன்றைக்கு இல்லை.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையை விரலால் பெரிதாக்கினாள். அப்பத்தாவின் பெயரை வாய்விட்டுப் படித்தாள். பிறகு தன் வரிக்கு வந்தாள்.

“இங்க பாரு, ழ சரியாப் போட்டிருக்கான்” என்றாள்.

பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் அவளே படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.