கரண்ட் போய் கரண்ட் வந்த கதை

போன வாரம் ஊர்ல இருந்தப்ப ராத்திரி எட்டு மணிக்கு கரண்ட் போச்சு. தெரு பூரா ஓடிட்டிருந்த தறிச்சத்தம் ஒட்டுமொத்தமா நின்னுச்சு. விசைத்தறி ஊர்ல வளர்ந்தவங்களுக்குத் தெரியும், சத்தத்துல தூங்கிடுவோம், ஆனா அந்த அமைதியில தூக்கம் கலைஞ்சு எந்திரிச்சு உக்காந்துக்குவோம். எடப்பாடிக்காரனுக்கு கரண்ட் போனதைச் சொல்ல லைட்டு அணையணும்னு இல்லீங்க, காதே போதும்.

திண்ணையில வந்து உக்காந்தா, பக்கத்து வீட்டுப் பொண்ணு. பிளஸ் டூல காமர்ஸ் படிக்குது. இருட்டுல சும்மா இருக்காம ஒரு கேள்வியைப் போட்டுச்சு. "ஏனுங் மாமா, பேங்க்ல கரண்ட் அக்கவுண்ட்டுனு சொல்றாங்களே, அதுக்கும் இந்தக் கரண்ட்டுக்கும் என்னங்க சம்பந்தம்? போட்டித் தேர்வுக்குப் படிக்கிற எங்கண்ணன் வேற கரண்ட் அஃபேர்ஸ்னு ஒரு புக் வச்சிருக்கான்."

"அது வேற, இது வேற கண்ணு"ன்னு சொல்லித் தப்பிச்சுட்டேன். அப்புறம் தேடிப் பாத்தா, வேற வேற இல்லை, எல்லாம் ஒண்ணுதான்! அதோட அந்த வார்த்தையோட கதை எங்க ஊர் பக்கத்துல ஓடுற காவிரியோட கதையாவும் இருக்கு. பொண்ணுகிட்ட சொன்ன பொய்க்குப் பரிகாரமா இந்தப் பதிவு :-)

முதல்ல மூலம். லத்தீன் மொழியில 'குர்ரேரே'ன்னா ஓடுறது. அது பழைய பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்து 'கரண்ட்' ஆச்சு. அர்த்தம் 'ஓடிக்கிட்டு இருக்கிற'. ஓடுற தண்ணி கரண்ட். இப்ப ஓடிட்டிருக்கிற மாசம் கரண்ட் மாசம். இன்னைக்கு ஓடிட்டிருக்கிற சேதி கரண்ட் அஃபேர்ஸ். போட்டு எடுத்து, போட்டு எடுத்து ஓடிக்கிட்டே இருக்கிற கணக்கு கரண்ட் அக்கவுண்ட். கைக்குக் கை ஓடுற பணம் கரன்சி. கூரியர், காலேஜ்ல சேர்ற கோர்ஸ் எல்லாமே அதே ஓட்டக்காரக் குடும்பம்தான். (கேக்குல போடுற கரண்ட் திராட்சை மட்டும் இந்த வம்சம் இல்லை. அது கிரேக்க நாட்டு கொரிந்து நகரத்துப் பேர்ல இருந்து வந்தது.)

இதுல எனக்குப் புடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. கரண்ட் அக்கவுண்ட்டுக்குத் தமிழ்ல என்ன? நடப்புக் கணக்கு. கரண்ட் இயர்? நடப்பு ஆண்டு. லத்தீன்காரன் ஓடின இடத்துல நம்மாளு நிதானமா நடந்திருக்கான். ஆனா தண்ணிக்கும் மின்சாரத்துக்கும் வந்தப்ப நாமளும் ஓட ஆரம்பிச்சுட்டோம், நீரோட்டம், மின்னோட்டம்னு. பணமும் காலமும் நடக்கும், தண்ணியும் கரண்ட்டும் ஓடும். யாரும் உக்காந்து திட்டம் போட்டுப் பிரிச்ச மாதிரி தெரியலை, ஆனா எவ்வளவு பொருத்தமா அமைஞ்சிருக்கு பாருங்க.

சரி, ஆத்துல ஓடின வார்த்தை கம்பிக்குள்ள எப்படிப் போச்சு? 18-ம் நூற்றாண்டுல மின்சாரத்தை ஒருவிதத் திரவம்னு நினைச்சாங்க. அமெரிக்காவுல பெஞ்சமின் பிராங்ளின் அப்படித்தான் விளக்கினார். இத்தாலியில வோல்டா 1800-ல பேட்டரி செஞ்சப்ப, நிக்காம தொடர்ந்து வர்ற மின்சாரம் முதல்முறையா கையில கிடைச்சது. 1820-ல பிரான்ஸ்ல ஆம்பியர் அதுக்கு 'மின்சாரக் கரண்ட்'னு பொருள்படுற பேரை உறுதியா புடிச்சுக்கிட்டார். பார்க்க முடியாத ஒண்ணுக்குப் பார்த்துப் பழகின ஆத்தோட பேரு. அப்புறம் எலக்ட்ரானைக் கண்டுபிடிச்சாங்க, திரவமும் இல்லை ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சுது. பேரு மட்டும் அப்படியே தங்கிருச்சு.

இன்னொரு வேடிக்கை. நம்ம வீட்டுக்கு வர்ற கரண்ட்ல எலக்ட்ரான் ஓடுறதே இல்லை. நொடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் ஆடிட்டு, இருந்த இடத்துலயே கிடக்கும். தறிக்காரங்களுக்கு இதைப் புரிய வைக்கிறது சுலபம். நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்ட்டுப் போய்ட்டு வருது, தறியை விட்டு எங்கயும் போறதில்லை. ஆனா துணி வளருதில்ல? அப்படித்தான்.

இனி நம்மூரு வாய்க்கு வருவோம். தமிழ்ல கரண்ட்டுன்னா மின்சாரம், அவ்வளவுதான். கரண்ட் பில், கரண்ட் கம்பி, கரண்ட் கம்பம், கரண்ட் ஆபீஸ், கரண்ட் அடுப்பு. சினிமாவுல ஹீரோயின் கை பட்டா கரண்ட் பாஸ் ஆகும். தெலுங்கு, கன்னடம், மலையாளம் எல்லாத்துலயும் இதே கதை. ஈழத்து நண்பர்கள் 'கறண்ட்'னு வல்லின 'ற' போட்டு எழுதுவாங்க. இந்திக்காரங்க மட்டும் வேற வழி. கரண்ட் போனா அவங்களுக்கு 'லைட் போயிருச்சு', ஷாக் அடிச்சாத்தான் 'கரண்ட்'.

நாம அந்த வார்த்தையோட சேர்க்கிற வினைச்சொற்களைக் கவனிச்சிருக்கீங்களா? கரண்ட் வந்துருச்சு. கரண்ட் போயிருச்சு. கரண்ட் கம்மியா வருது. மூணு நாளா கரண்ட்டே இல்லை. இதுல கரண்ட்டை எடுத்துட்டு தண்ணின்னு போட்டுப் பாருங்க. ஆத்துல தண்ணி வந்துருச்சு, தண்ணி கம்மியா வருது. ஒரு எழுத்து மாத்த வேண்டாம். எங்க அம்மாயி ரெண்டு விஷயத்துக்கு ஒரே சொல்லைச் சொல்லி எங்களை மிரட்டி வச்சிருந்தாங்க. "ஆத்துக்குப் போகாதே, இழுத்துக்கும்." "சுவிட்சு பொட்டிகிட்ட போகாதே, இழுத்துக்கும்." அம்மாயி பள்ளிக்கூடம் போனதில்லை, ஆம்பியர் பேரைக் கேட்டதில்லை. ஆனா ரெண்டும் ஒரே சாதி விஷயம்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.

தெரியாம இருக்குமா? வெளிநாட்டுல வார்த்தை அளவுல ஆத்துல இருந்து கம்பிக்குப் போன கரண்ட், எங்க பக்கம் நெசமாவே ஆத்துல இருந்து கம்பிக்குப் போச்சு.

மேட்டூர் அணை வேலை 1925-ல தொடங்கி 1934-ல முடிஞ்சது. அந்த வருஷம் ஆகஸ்ட் 21-ம் தேதி திறந்து வச்ச சென்னை மாகாண கவர்னர் ஸ்டான்லி பேருதான் நீர்த்தேக்கத்துக்கு. 120 அடி உயரம், 93.47 டி.எம்.சி. கட்டினது தஞ்சாவூர் பக்கத்துப் பாசனத்துக்கு. ஆனா அவ்வளவு உயரத்துல இருந்து விழுற தண்ணியைச் சும்மா விட முடியுமா? 1937-ல அணையடி மின் நிலையத்துல இருந்து கரண்ட் வந்துச்சு. அதுக்கு அஞ்சு வருஷம் முன்னாடிதான் நீலகிரி பைக்காரா கரண்ட் வந்து கோயமுத்தூர் மில்லுகளை ஓட்ட ஆரம்பிச்சிருந்தது. 1960-கள்ல சுரங்க மின் நிலையம் 200 மெகாவாட்டுக்கு வந்துச்சு.

இதுக்கு அப்புறம் நடந்ததுதான் எனக்கு முக்கியம். அணையை விட்டு இறங்குற காவிரியில கொஞ்ச தூரத்துக்கு ஒண்ணா கதவணைகளைக் கட்டினாங்க. 1980-களோட பிற்பகுதியில இருந்து செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டைன்னு படிக்கட்டு மாதிரி வரிசையா மின் நிலையங்கள். ஒவ்வொண்ணும் 30 மெகாவாட். ஒரே தண்ணி ஒவ்வொரு படியிலயும் ஒரு தடவை டர்பைனைச் சுத்திவிட்டுட்டுப் போகும்.

எடப்பாடியில இருந்து பூலாம்பட்டி போய்ப் பாருங்க. அக்கரையில நெரிஞ்சிப்பேட்டை, ஈரோடு மாவட்டம். விசைப்படகுல வண்டியை ஏத்திக்கிட்டே அந்தப் பக்கம் போகலாம். சுத்தி மலை, தென்னை, கரையோட கரையா நிரம்பி நிக்கிற தண்ணி. 'குட்டி கேரளா'ன்னு சொல்லி ஞாயித்துக்கிழமையானா கூட்டம் அள்ளுது. அழகுதான், நான் இல்லைங்கலை. ஆனா அந்த அழகு எதனால வந்துச்சு? தண்ணி ஓடாம நிக்கிறதால. கதவணை புடிச்சு வச்சிருக்கிறதால.

எங்க அப்பா சொல்வார். அவர் சின்னப்பையனா இருந்தப்ப அங்கே வெயில் காலத்துல பாறை தெரியுமாம், பாறைக்கு நடுவுல தண்ணி சத்தம் போட்டுக்கிட்டு ஓடுமாம். படகுக்காரர் இழுப்பு எந்தப் பக்கம்னு பாத்துக் கோணலா விட்டாத்தான் நேரா அக்கரை போய்ச் சேர முடியுமாம். இப்ப வருஷத்துல பாதி நாள் ஒரு இலையைப் போட்டா அது போட்ட இடத்துலயே கிடக்குது. சுருக்கமா சொன்னா, காவிரி தன் கரண்ட்டைக் குடுத்துத்தான் நமக்குக் கரண்ட் வந்திருக்கு. அந்த வார்த்தையோட பழைய அர்த்தத்தை வித்துப் புது அர்த்தத்தை வாங்கியிருக்கோம். எங்க ஊருக்கு இது சிலேடை இல்லீங்க, வரலாறு.

அது தப்புன்னு நான் தீர்ப்பு சொல்லப் போறதில்லை. குழித்தறியில காலும் கையும் தேய உக்காந்திருந்த தாத்தாவையும் பாத்திருக்கேன், கரண்ட் தறி போட்டு வீட்டை நிமித்தின மாமாவையும் பாத்திருக்கேன். ஆனா குடுத்த விலைக்கு வந்த பொருள் ஒழுங்கா வந்துச்சான்னு ஒரு கேள்வி இருக்கே.

2008-ல ஆரம்பிச்ச மின்வெட்டு 2012-ல உச்சத்துக்குப் போச்சு. சென்னைக்கு ரெண்டு மணி நேரம், மத்த மாவட்டங்களுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல. தறிக்கூலி நெஞ்ச துணிக்குத்தான், நின்ன நேரத்துக்கு இல்லை. கரண்ட் எப்ப வரும்னு தெரியாம தறிக்குப் பக்கத்துலயே பாயைப் போட்டுப் படுத்திருந்தவங்களை எனக்குத் தெரியும். நடுராத்திரி ரெண்டு மணிக்குத் தறிச்சத்தம் கேட்டா, கரண்ட் வந்துருச்சுன்னு அர்த்தம். கண்ணைக் கசக்கிக்கிட்டே எந்திரிச்சு ஓட்டுவாங்க. எட்டுற தூரத்துல மேட்டூர் அணை, அனல் மின் நிலையம், வரிசையா கதவணை. வீட்டுல சிம்னி விளக்கு.

கரண்ட்டுக்காக உசிரே போன மண்ணு இது. 1970-ல கோவை ஜில்லா விவசாயிங்க பம்ப்செட் மின்கட்டணத்துல யூனிட்டுக்கு ஒரு பைசா ஏத்தினதை எதிர்த்துப் போராடினாங்க. ஜூன் 19-ம் தேதி பெருமாநல்லூர்ல துப்பாக்கிச்சூடு நடந்து 3 விவசாயிங்க செத்தாங்க. நாராயணசாமி நாயுடு தலைமையில அந்தப் போராட்டம் சேலம் பக்கமும் வளர்ந்துச்சு. 1984-ல சிறு விவசாயிகளுக்கும், 1989-91 ஆட்சிக் காலத்துல எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம்னு வந்ததுக்குப் பின்னாடி அந்த ஒரு பைசா இருக்கு. விசைத்தறிக்கு 2006-ல ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட் இலவசம்னு ஆரம்பிச்சு, 2016-ல 750, 2023-ல 1000 ஆச்சு. 'ஓசி கரண்ட்'னு சுலபமா சொல்லிடறோம். ஓசியில வந்தது எதுவும் இல்லை.

கடைசியா ஒரு சேதி. காவிரி பக்கத்துல ஓடியும் எடப்பாடி, ஓமலூர் பக்கம் மேடு. ஊரு நடுவுல போற சரபங்கா ஆறு பல வருஷம் வறண்டுதான் கிடக்கும். 2020-ல மேட்டூர் உபரி நீரை 100 ஏரிகளுக்குக் கொண்டு போக 565 கோடி ரூபாய்ல திட்டம் போட்டாங்க. 2021-ல முதல் கட்டம் தொடங்கிச்சு. திப்பம்பட்டியில மோட்டார் வச்சுத் தண்ணியை மேல ஏத்துறாங்க. அணையில இருந்து தண்ணி இறங்கினா கரண்ட் வருது. அந்தக் கரண்ட்டைப் போட்டு அதே அணைத் தண்ணியை மேட்டுக்கு ஏத்தறோம். ஏரிக்கு வர்ற வாய்க்கால்ல தண்ணி ஓடுறதைப் பாக்க பசங்க கூட்டமா போய் நின்னாங்க. ஒரு பையன் செருப்பைக் கழட்டி விட்டுட்டு அது மிதந்து போறதுக்குப் பின்னாடியே ஓடினான். பூலாம்பட்டியில இப்ப அப்படி ஓட முடியாது.

அன்னைக்கு ராத்திரி ஒன்பதே காலுக்கு கரண்ட் வந்துச்சு. தெரு பூரா தறி ஒண்ணொண்ணா சத்தம் எடுத்துச்சு. அந்தப் பொண்ணு 'ஹே'ன்னு கத்திக்கிட்டு உள்ளே ஓடிருச்சு. அடுத்த தடவை பாக்கறப்ப சொல்லணும். கண்ணு, அந்தக் கரண்ட்டும் இந்தக் கரண்ட்டும் ஒண்ணுதான். ரெண்டும் ஓடிட்டு இருக்கிற வரைக்கும்தான் அந்தப் பேரு.

டிஸ்கி: இதைத் தட்டச்சு பண்ணி முடிக்கறதுக்குள்ள ரெண்டு தடவை கரண்ட் போச்சு. சத்தியமா!