வீடுகளுக்கான கட்டட அனுமதிக் கட்டண உயர்வு: கேரள அனுபவமும் சட்டத்தின் நிலையும்

சொந்த வீடு கட்டுவோர் கடைக்கால் தோண்டுவதற்கு முன்பே உள்ளாட்சி அமைப்புக்குச் செலுத்த வேண்டிய தொகை, கட்டட அனுமதிக் கட்டணமாகும். இக்கட்டணம் உயர்த்தப்படும்போதெல்லாம் இணையவழிச் சேவை, விரைவான ஒப்புதல், பொறியாளர்களுக்கான பயிற்சி ஆகியவை காரணங்களாகக் கூறப்படுகின்றன. கூடுதலாகச் செலுத்தும் பணம் சேவையாகத் திரும்புகிறதா என்பதே வீடு கட்டுவோரின் கேள்வி. கட்டணத்தை 2023-இல் பன்மடங்கு உயர்த்தி, மறு ஆண்டே குறைத்த கேரளத்தின் அனுபவம் இதற்கு ஓரளவு விடை தருகிறது.

யாருக்கு அதிகாரம்?

1992-ஆம் ஆண்டின் 74-ஆவது அரசமைப்புச் சட்டத் திருத்தம் 12-ஆவது அட்டவணையை உருவாக்கியது. நில உபயோகத்தையும் கட்டடங்கள் கட்டுவதையும் முறைப்படுத்தும் பணி, நகர்ப்புற உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க பணியாக அதில் இடம்பெற்றுள்ளது. கட்டண விகிதங்களைப் பொதுவாக மாநில அரசின் சட்டமும் விதிகளும் நிர்ணயிக்கின்றன.

வரைபடத்தைச் சரிபார்த்தல், பக்க இடைவெளி, உயரம், தளப்பரப்பு ஆகியன விதிகளுக்கு உட்பட்டுள்ளனவா என ஆராய்தல், இடத்தை நேரில் பார்வையிடுதல், பணி முடிந்தபின் சான்று வழங்குதல் ஆகியவை இக்கட்டணத்திற்கு ஈடாக எதிர்பார்க்கப்படும் பணிகள்.

கேரளத்தில் நடந்தது

கேரளத்தில் புதிய கட்டணங்கள் 2023 ஏப்ரல் 10 முதல் நடைமுறைக்கு வந்தன. கிராம ஊராட்சியில் 150 சதுர மீட்டர் (சுமார் 1,614 சதுர அடி) பரப்புள்ள வீட்டுக்கு, விண்ணப்பக் கட்டணத்தையும் சேர்த்து அதுவரை 555 ரூபாய் வசூலிக்கப்பட்டது. உயர்வுக்குப் பின் அது 8,500 ரூபாயானது. அதே பரப்புள்ள வீட்டுக்கு நகராட்சியில் 11,500 ரூபாயும், மாநகராட்சியில் 16,000 ரூபாயும் செலுத்த வேண்டியதாயிற்று. 80 சதுர மீட்டர் வரையிலான சிறு வீடுகளுக்கு மட்டும் உயர்விலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது.

கூடுதல் வருவாய் முழுவதும் உள்ளாட்சிகளுக்கே சேரும் என்றும், குறை அபாய வகை வீடுகளுக்குச் சுயசான்றின் அடிப்படையில் உடனடி அனுமதி கிடைக்கும் என்றும் அரசு விளக்கமளித்தது. எனினும் எதிர்க்கட்சிகளும் கட்டுமானத் துறையினரும் கடும் எதிர்ப்புத் தெரிவித்தனர்.

இதையடுத்து 2024 ஆகஸ்ட் 1 முதல் கட்டணம் 60 சதவீதம் வரை குறைக்கப்பட்டது. 81 முதல் 150 சதுர மீட்டர் வரையிலான வீடுகளுக்கான அனுமதிக் கட்டணம், சதுர மீட்டருக்கு ஊராட்சிகளில் 50 ரூபாயிலிருந்து 25 ஆகவும், நகராட்சிகளில் 70-இலிருந்து 35 ஆகவும், மாநகராட்சிகளில் 100-இலிருந்து 40 ஆகவும் மாற்றப்பட்டது. மாநகராட்சியில் 150 சதுர மீட்டர் வீட்டுக்கான அனுமதிக் கட்டணம் இதனால் 15,000 ரூபாயிலிருந்து 6,000 ரூபாயாகக் குறைந்தது.

சேவை எப்போது வந்தது என்பதும் கவனிக்கத்தக்கது. உள்ளாட்சிச் சேவைகளை ஒருங்கிணைக்கும் 'கே-ஸ்மார்ட்' இணையதளம் 2024 ஜனவரி 1 அன்று நகர்ப்புற உள்ளாட்சிகளில் தொடங்கப்பட்டது. கிராம ஊராட்சிகளுக்கு அது மாநில அளவில் விரிவுபடுத்தப்பட்டது 2025 ஏப்ரல் 10 அன்று, அதாவது கட்டணம் உயர்ந்து சரியாக இரண்டு ஆண்டுகள் கழித்து. இடைப்பட்ட காலத்தில் பழைய மென்பொருள்களே ஊராட்சிகளில் பயன்பாட்டில் இருந்தன.

வரியா, கட்டணமா?

பொதுச் செலவுகளுக்காக வசூலிக்கப்படுவது வரி. குறிப்பிட்ட சேவைக்கு ஈடாகப் பெறப்படுவது கட்டணம். சிரூர் மடம் வழக்கில் 1954-இல் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டை விளக்கியது. வசூலுக்கும் சேவைச் செலவுக்கும் இடையே துல்லியமான சமன்பாடு தேவையில்லை, பொதுவான தொடர்பு இருந்தால் போதும் எனப் பிற்காலத் தீர்ப்புகள் அந்த நிலையைத் தளர்த்தின. ஆயினும் சேவையுடன் தொடர்பே இல்லாத கட்டணம், கட்டணத்தின் பெயரிலான வரியாகவே கருதப்படும் என்பதால், உயர்வின் நோக்கத்தை அரசு தெளிவுபடுத்துவது அவசியமாகிறது.

தெலங்கானா காட்டிய வழி

பணிச்சுமையைக் குறைப்பதும் சேவையை மேம்படுத்தும் வழியே. தெலங்கானா 2020-இல் கொண்டுவந்த 'டிஎஸ்-பிபாஸ்' சட்டத்தின்கீழ், 75 சதுர கஜம் வரையிலான மனைகளில் சிறு வீடு கட்ட அனுமதி தேவையில்லை. ஒரு ரூபாய் செலுத்திப் பதிவு செய்தாலே போதும். 10 மீட்டர் உயரத்துக்கு உட்பட்ட வீடுகளுக்கு, மனை 600 சதுர கஜம் வரை இருந்தால், சுயசான்றின் பேரில் உடனடி ஒப்புதல் வழங்கப்பட்டது. தவறான தகவல் அளித்துக் கட்டினால் இடிக்கவும் சட்டம் இடமளித்தது. அலுவலர்களின் நேரத்தைப் பெரிய கட்டடங்களின் ஆய்வுக்கு ஒதுக்க இத்தகைய முறை உதவும்.

பயிற்சியின் தேவை

மென்பொருள் வரைபடத்தின் அளவுகளைச் சரிபார்க்கும். தூணில் கம்பி முறையாகக் கட்டப்பட்டுள்ளதா என்பதைக் களத்தில் நிற்கும் பொறியாளரே பார்க்க முடியும். 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் புஜ் பகுதியைத் தாக்கிய நிலநடுக்கத்தில், 200 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள அகமதாபாத்தில் பல அடுக்குமாடிக் கட்டடங்கள் இடிந்தன. அதன் பின்னரே நிலநடுக்க அபாய மேலாண்மை குறித்துப் பொறியாளர்களுக்குப் பயிற்சியளிக்கும் தேசியத் திட்டம் வகுக்கப்பட்டது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016-இல் திருத்தப்பட்ட நிலையில், களப் பணியாளர்களுக்குத் தொடர் பயிற்சி இன்றியமையாதது.

வசூல் மட்டும் போதாது

குறிப்பிட்ட நோக்கத்திற்காக வசூலித்தாலும் பணம் அதற்கே செலவாகும் என்பதற்கு உறுதியில்லை. கட்டுமானத் தொழிலாளர் நலனுக்காக 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் கட்டுமானச் செலவில் 1 சதவீதம் தீர்வையாகப் பெறப்பட்டது. இது வரியல்ல, கட்டணமே என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தீர்ப்பளித்தது. ஆனால் திரண்ட தொகையில் பெரும்பகுதி தொழிலாளர்களைச் சென்றடையவில்லை என்பதை 2018-இல் அதே நீதிமன்றம் கடுமையாகச் சுட்டிக்காட்டியது.

கட்டட அனுமதிக் கட்டணத்திலும் இந்நிலை நேராதிருக்க, கூடுதல் வருவாய்க்குத் தனிக் கணக்கு, ஒப்புதலுக்கான காலக்கெடு, பயிற்சி பெற்ற அலுவலர் எண்ணிக்கை ஆகியவற்றை ஆண்டுதோறும் வெளியிடுவது பயன் தரும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் 4-ஆவது பிரிவு, வரவு செலவு ஒதுக்கீட்டு விவரங்களைப் பொது அமைப்புகள் தாமாகவே வெளியிட வேண்டும் என்கிறது. அவை வெளியிடப்படாவிடில், 6-ஆவது பிரிவின்கீழ் குடிமக்கள் விண்ணப்பித்துக் கேட்டுப் பெறலாம்.